‘மட்நாவற்குடா’ என்றொரு ஊர்: ஒரு பேக்ஸ்பேஸைத் தேடிப்போன பதிவு

கல்லடியில் எங்கள் வாசிகசாலையின் அங்கத்தவர் பதிவேட்டில் ‘மட்நாவற்குடா’ என்று ஒரு ஊர் பதிவாகியிருந்தது. அப்படி ஒரு ஊர் இல்லை. நாவற்குடா இருக்கிறது, இங்கிருந்து நடக்கும் தூரம்தான். முன்னால் அந்த ‘மட்’ எங்கிருந்து வந்தது?

பதிவேட்டைக் கவனிப்பவர் என் பெரியம்மா. கோட்டைக்குள்ளே கச்சேரி இருந்த காலத்தில் அங்கே தமிழ் ரைப்பிஸ்ட்டாக வேலை பார்த்தவர். விரல்கள் இன்றும் தடுமாறாது. அவருக்காக ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில், பைதான் மொழியில் சின்னதொரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ‘பெயர்:’, ‘ஊர்:’, ‘தொலைபேசி:’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கும், அவர் தட்டி என்டர் அடிப்பார், அவ்வளவுதான். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். “முதல்ல மட்டக்களப்பு எண்டு அடிச்சன் மனே. மறுகா ஊரைச் சரியாப் போடுவமெண்டு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு நாவற்குடா எண்டு அடிச்சன். திரையில ஒண்டும் மிச்சமிருக்கயில்ல” என்றார்.

அவர் சொன்னது உண்மை. நானே செய்து பார்த்தேன். ‘மட்டக்களப்பு’ என்று தட்டி, பேக்ஸ்பேஸை 9 தடவை அழுத்தினால் திரை துப்புரவாகிவிடுகிறது. ஆனால் என்டர் அடித்தால் நிரலுக்குப் போய்ச் சேருவது ‘மட்’. துப்புரவான பிறகும் விடாமல் இன்னும் 3 தடவை அழுத்தினால் நினைவகம் காலியாகிறது, ஆனால் ‘ஊர்:’ என்ற கேள்வியையே அது தின்னத் தொடங்குகிறது. முதலில் இடைவெளி போகும், அடுத்து முக்காற்புள்ளி, கடைசியாக ‘ர்’. திரையில் ‘ஊ’ மட்டும் தனியே நிற்கும்.

என் நிரலில் பிழை தேடி இரண்டு நாள் போயிற்று. நிரலில் பிழை இல்லை. பேக்ஸ்பேஸ் அழுத்தியதே என் நிரலுக்குத் தெரியாது. விசைப்பலகைக்கும் நிரலுக்கும் நடுவில், இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குள்ளே, ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். நாம் தட்டுவதையெல்லாம் வாங்கி ஒரு வரியாகச் சேர்த்து வைத்துக்கொள்வார். திரையில் எதிரொலித்துக் காட்டுவார். அழிக்கச் சொன்னால் தன் கையிருப்பிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுவார். என்டர் விழுந்த பிறகுதான் முழு வரியையும் நிரலிடம் ஒப்படைப்பார். இந்த ஏற்பாட்டுக்கு, யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் ஆட்கள் வைத்த பெயர் ‘குக்ட்’, சமைத்தது. எழுத்துகளை அப்படியே நேரே வாங்கினால் ‘ரோ’, பச்சை.

இந்தக் கணக்குப்பிள்ளை ஏன் இப்படிக் கணக்குப் பார்க்கிறார் என்பதை அவர் பிறந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கல்முனையில் ஒரு பழைய சாமான் கடையில் சீரியல் டெர்மினல் (கம்பி வழியே கணினியோடு பேசும் திரையும் விசைப்பலகையும்) ஒன்று கிடந்ததை முன்பே பார்த்து வைத்திருந்தேன். விடி220 என்ற பழைய டெர்மினல் போல வேலை செய்யும் வகை, பச்சை எழுத்து. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

பழுது பெரிதாக இல்லை. கடற்காற்று 25 ஊசிச் செருகியில் பச்சைக் களிம்பு ஏற்றியிருந்தது. ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பழைய பல்தூரிகையும் கொண்டு தேய்த்தேன். உள்ளே ஒளிர்வைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் ஈயப்பற்று வெடித்திருந்தது, அதைத் திரும்பப் பற்றவைத்தேன். (படக்குழாய் உள்ள பெட்டியைத் திறப்பவர்கள் மின்சாரத்தைக் கழற்றியவுடன் கையை உள்ளே விட வேண்டாம். உயர் மின்னழுத்தம் குழாயில் தங்கியிருக்கும். அதை முறையாக இறக்கத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான் திறந்தேன்.) பிறகு யூஎஸ்பியிலிருந்து ஆர்எஸ்232 ஆக்கும் மாற்றி, அனுப்பும் ஊசி மறுபக்கம் வாங்கும் ஊசிக்குப் போகும்படி குறுக்கே மாறிய கம்பி, 9600 வேகம், 8 பிட், சமநிலை பிட் இல்லை. ராஸ்பெரி பையில் அந்தச் சீரியல் வாயிலுக்கு ஒரு லாகினைத் திறந்துவிட்டதும், திரையில் அது என் பெயரைக் கேட்டது.

தட்டியதும் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு இரண்டாக விழுந்தது. டெர்மினலே ஒரு தடவை காட்டுகிறது, கேர்னலின் எதிரொலி இன்னொரு தடவை காட்டுகிறது. டெர்மினலின் அமைப்புப் பக்கத்தில் உள்ளூர் எதிரொலியை நிறுத்தியதும் சரியாயிற்று. விசையை அழுத்துவதும் எழுத்து திரையில் தோன்றுவதும் ஒரே செயல் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். உண்மையில் எழுத்து கம்பி வழியே போய்ச் சேர்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தால்தான் நமக்குத் தெரிகிறது. கடவுச்சொல் தட்டும்போது ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான். அந்த நேரம் கணக்குப்பிள்ளை எதிரொலியை நிறுத்திவைக்கிறார்.

அடுத்தது பேக்ஸ்பேஸ். அழுத்தினேன். அழியவில்லை, ‘^எச்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. இந்தப் பெட்டியின் பேக்ஸ்பேஸ் விசை அனுப்புவது 8ஆம் எண்ணை, அதாவது கண்ட்ரோல்-எச். என் ராஸ்பெரி பையில் ஓடும், யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான லினக்ஸ் அழிப்பதற்கு எதிர்பார்ப்பது 127ஐ, அதாவது டெல். டெர்மினல் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் அழிப்பு விசை கண்ட்ரோல்-எச் என்று சொன்னதும் அழியத் தொடங்கியது. ஒரே வேலைக்கு ஏன் இரண்டு எண்?

127 காகித நாடாவிலிருந்து வந்தது. ஆரம்ப யுனிக்ஸ் பேசியது டெலிடைப் மாடல் 33 போன்ற இயந்திரங்களோடு. அதற்குத் திரை கிடையாது. காகிதத்தில் அடிக்கும், நொடிக்கு 10 எழுத்து, எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்து. பக்கத்தில் நாடாத் துளைப்பான். துளைத்த ஓட்டையை மூட முடியாது, ஆனால் இன்னும் ஓட்டை போடலாம். பிழையாகத் துளைத்தால் நாடாவை ஒரு எழுத்து இடம் பின்னால் இழுத்து ரப்அவுட் விசையை அழுத்துவார்கள். 7 இடத்திலும் துளை விழுந்துவிடும். வாசிக்கும்போது அப்படி முழுக்கத் துளைத்த இடத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது ஏற்பாடு. 7 பிட்டும் ஒன்றானால் வரும் எண் 127. 8 என்பது வேறு பொருள்: ‘ஒரு இடம் பின்னே போ’, அவ்வளவுதான், எதையும் அழிக்கச் சொல்லவில்லை. பிற்காலத்தில் விசைப்பலகை செய்தவர்களில் சிலர் இதை எடுத்தார்கள், சிலர் அதை எடுத்தார்கள்.

சரி, காகிதத்தில் அடிப்பவர் பிழை விட்டால் என்ன செய்வார்? அதை நானே தட்டிப் பார்க்க விரும்பினேன். பழைய கணினிகளைப் போல நடிக்கும் சிம்எச் என்ற போலியாக்கியில், அந்தக் காலத்தில் யுனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியை உருவாக்கி, 1975இல் வெளிவந்த யுனிக்ஸ் 6ஆம் பதிப்பை அதில் எழுப்பினேன். போலியாக்கி லினக்ஸின் கணக்குப்பிள்ளையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத்துகளைப் பச்சையாகவே வாங்கிக்கொள்ளும். ஆகவே டெர்மினலில் நான் தட்டுவது நேரே 1975இன் கணக்குப்பிள்ளையிடம் போகிறது. காலத்துக்கு ஏற்ற வேகமும் வேண்டும் என்று 110இல் வைக்கப் பார்த்தேன், என் மாற்றி அதற்கு ஒத்துவரவில்லை. 300இல் வைத்தேன், நொடிக்கு 30 எழுத்து. மாடல் 33ஐ விட மூன்று மடங்கு வேகம், ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் வந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒற்றைப் பயனராக எழுப்பினால் எல்லாம் பெரிய எழுத்தில் வருகிறது. அதை மாற்றுவதுதான் முதல் வேலை, அந்தக் கட்டளையையும் பெரிய எழுத்திலேயே தட்ட வேண்டும்.

அங்கே அழிப்பு விசை #. வரி முழுவதையும் தூக்கி எறிவது @. இரண்டும் யுனிக்ஸுக்கு முன்னோடியான மல்டிக்ஸ் இயங்குதளத்தின் வழக்கத்திலிருந்து யுனிக்ஸுக்கு வந்தவை. ‘டேட்’ கட்டளையைத் தட்டினேன்: டி, ஏ, எக்ஸ், எக்ஸ், #, #, டி, இ. திரையில் அத்தனை எழுத்தும் அப்படியே வரிசையாக நின்றன, ஒன்றும் அழியவில்லை. என்டர் அடித்ததும் திகதி வந்தது. ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து காகிதத்தில் கிடக்கட்டும், என் கணக்கில் அது இல்லை என்று கணக்குப்பிள்ளை சொல்கிறார். காகிதமும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவே இல்லை. திரும்ப வாசிப்பவர் #களைப் பார்த்துத் தன் மனதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே நடப்பதும் எளிமை. ஒவ்வொரு எழுத்தும் வந்தவுடன் அதைப் பச்சை வரிசையில் போட்டு எதிரொலிப்பார். # வந்தாலும் அதையும் ஒரு எழுத்தாகவே வரிசையில் போடுவார். என்டர் விழுந்து நிரல் வாசிக்க வரும்போதுதான் வரிசையை முதலிலிருந்து நடந்துபோய், # கண்ட இடத்தில் ஒரு அடி பின்னால், @ கண்ட இடத்தில் ஆரம்பத்துக்கு. வரிசையில் 256 எழுத்துக்கு மேல் தேங்கினால் அத்தனையையும் கொட்டிவிடுவார். @ஐயே எழுத வேண்டுமானால் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். இன்றைய மின்னஞ்சல் முகவரி ஒன்றை அப்படியே அங்கே தட்டினேன். @க்கு முன்னால் இருந்த பெயர் முழுவதும் கணக்கிலிருந்து போய்விட்டது.

இதைப் பெரியம்மாவுக்குக் காட்டினேன். அவருக்கு வியப்பே இல்லை. கச்சேரியில் ஒரு எழுத்துப் பிழைத்தால் உருளையைப் பின்னால் தள்ளி, அதன் மேலே குறுக்குக் கோடு அடிப்பார்களாம். எழுத்தும் இருக்கும், பிழை என்ற அடையாளமும் இருக்கும். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு உதவியது. தமிழ் ரைப்ரைட்டரில் புள்ளி விசையை அடித்தால் உருளை நகராது. ஆகவே புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், அதே இடத்தில் எழுத்து வந்து விழும். “புள்ளிக்கு இடம் இல்ல மனே, அது எழுத்தோட இடத்திலதான் இருக்கும்.”

புள்ளிக்கு இடம் இல்லை. லினக்ஸ் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாமல் போனது இது ஒன்றுதான்.

‘மட்டக்களப்பு’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் 8 எழுத்து: ம, ட், ட, க், க, ள, ப், பு. யூனிகோடு கணக்கில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடு, ஆகவே 12. யூனிகோடு குறியீடுகளைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆகவே 36. திரையில் என் டெர்மினல் சாளரம் உகரக் குறிக்கு ஒரு கட்டம் கொடுக்கிறது, புள்ளிக்குக் கொடுப்பதில்லை, ஆகவே 9 கட்டம். ஒரே சொல்லுக்கு நாலு கணக்கு.

நல்ல காலம், கணக்குப்பிள்ளை பைட் கணக்கில் அழிப்பதில்லை. அப்படியானால் பெரியம்மா 36 தடவை அழுத்த வேண்டியிருக்கும். யூடிஎஃப்-8இல் ஒரு எழுத்தின் தொடர்ச்சியாக வரும் பைட்கள் எல்லாம் 1, 0 என்ற இரு பிட்களோடு தொடங்கும். ‘க’ என்பது 224, 174, 149. பின்னிரண்டும் தொடர்ச்சி என்று பார்த்த பார்வையிலேயே தெரியும். எந்த இடத்தில் நின்றாலும் பின்னால் நடந்து எழுத்தின் தலையைப் பிடித்துவிடலாம். 1992இல் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசை விரிப்பில் இதை வரைந்தவர், யுனிக்ஸை உருவாக்கிய அதே கென் தாம்சன், கூட இருந்தவர் ராப் பைக். 2004இல் லினக்ஸ் கணக்குப்பிள்ளைக்கு இந்தத் தொடர்ச்சி பைட்களைச் சேர்த்து அழிக்கச் சொல்லும் ஐயூடிஎஃப்8 என்ற கொடி, அதாவது போடவும் அணைக்கவும் கூடிய ஒரு அமைப்பு, வந்தது. எஸ்டிடிஒய்யில் அதை அணைத்துவிட்டுத் தமிழில் தட்டிப் பாருங்கள், அந்தக் கொடியின் அருமை விளங்கும்.

ஆனால் கொடி வந்த பிறகும் ஒரு நம்பிக்கை மாறவில்லை: ஒரு குறியீடு என்றால் ஒரு கட்டம். பேக்ஸ்பேஸ் வந்தால் கையிருப்பில் ஒரு குறியீட்டைக் கழிக்கிறார். திரைக்கு ‘பின்னே போ, ஒரு வெற்றிடம் போடு, பின்னே போ’ என்று மூன்று பைட் அனுப்புகிறார். புள்ளியைக் கழித்தாலும் அதே மூன்று பைட். புள்ளிக்குக் கட்டம் இல்லாததால் பக்கத்தில் இருக்கும் கட்டம் ஒன்று அநியாயமாகப் போகிறது. மட்டக்களப்பில் 3 புள்ளி. 9 தடவையில் திரை துப்புரவு, கையிருப்பில் முதல் மூன்று குறியீடு மிச்சம்: ம, ட, புள்ளி. ‘மட்’.

என் ராஸ்பெரி பையில் உள்ள கேர்னலில் நான் கண்டது இது. கணக்குப்பிள்ளையைத் திருத்துவது என் வேலை இல்லை. அவரை ஒதுக்கிவிட்டு, போலியாக்கி செய்தது போல, எழுத்துகளை நானே வாங்கி என் வரியை நானே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பைதானில், வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் என்ற நிரல்தொகுப்பைச் சேர்த்தாலே பெருமளவு சரியாகும் என்பது தெரியும். ஆனால் அதுவும் ஒவ்வொரு குறியீட்டின் அகலத்தையும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் கணக்கிடும். யூனிகோடு வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரக் குறியும் ஒரு இனம், இகரமும் உகரமும் இன்னொரு இனம். அகலப் பட்டியலும் டெர்மினல் சாளரமும் ஒத்துப்போகாத இடத்தில் பழைய வியாதி திரும்பும். எனக்கு அகலத்தை எண்ணவே கூடாது.

முதலில் கேர்னலிடம் வரி சேர்ப்பதையும் எதிரொலியையும் நிறுத்தச் சொன்னேன், ஒரு பைட் வந்தாலும் உடனே கொடு என்றேன். பைட்கள் வர வர, முதல் பைட்டைப் பார்த்து இன்னும் எத்தனை வேண்டும் என்று காத்திருந்து, முழுக் குறியீடாக்கி ஒரு பட்டியலில் சேர்த்தேன். 8 வந்தாலும் 127 வந்தாலும் பட்டியலின் கடைசி உறுப்பை நீக்கு. எந்த மாற்றம் நடந்தாலும் வரியின் தொடக்கத்துக்குப் போய், கேள்வியை எழுதி, பட்டியலை எழுதி, மிச்ச வரியைத் துடை. பின்னால் எத்தனை கட்டம் போவது என்ற கேள்வியே எழாது. 300 வேகத்தில் இது கொடுமையாக இருந்திருக்கும், ஒரு எழுத்தை அழிக்க வரி முழுவதையும் திரும்ப அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் அந்த மூன்று பைட் சிக்கனம் நியாயமானது. இன்றைய திரைக்கு இது கண் இமைக்கும் வேலைகூட இல்லை.

ஒரு இடத்தில் நிரல் இடையில் விழுந்துவிட்டது. விழுந்த நிரல் கணக்குப்பிள்ளையைத் திரும்ப அழைக்கவில்லை, ஆகவே தட்டுவது எதுவும் திரையில் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டுவது போல ‘எஸ்டிடிஒய் சேன்’ என்று தட்டி என்டர் அடித்தால் பழைய நிலை திரும்பும். இதை நீங்களும் செய்யப்போகிறீர்கள் என்றால், நிரல் எப்படி முடிந்தாலும் பழைய அமைப்பைத் திரும்ப வைக்கும் பகுதியை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அரை மணித்தியாலம் தின்ற இன்னொன்று கண்ட்ரோல்-எஸ். கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் பழைய டெர்மினலில் அதை அழுத்திவிட்டேன், எல்லாம் உறைந்துபோனது. கம்பியைச் சந்தேகித்தேன், மாற்றியைச் சந்தேகித்தேன். அது அனுப்பும் எண்ணுக்கு ‘நிறுத்து’ என்று பொருள், கண்ட்ரோல்-கியூவுக்கு ‘தொடர்’. டெலிடைப்பின் நாடா வாசிப்பானை நிறுத்தவும் ஓட்டவும் இருந்த குறிகள் இவை. இன்றும் ஒவ்வொரு லினக்ஸ் டெர்மினலிலும் உயிரோடு இருக்கின்றன.

என் முதல் வடிவத்தில் பேக்ஸ்பேஸ் முழு எழுத்தையும் எடுத்தது. ‘கு’ என்றால் கு முழுதும். தமிழ் எழுத்துக்கு அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். பெரியம்மா பத்து அங்கத்தவரைப் பதிந்துவிட்டு நிமிர்ந்தார். “நான் கூ அடிக்க கு அடிச்சிட்டன். சுழிதானே பிழை, ஏன் க-வையும் சேர்த்து எடுக்குது?” அவர் சொன்னது சரி. தட்டும்போது பிழைப்பது பெரும்பாலும் குறிதான், மெய் அல்ல. ஆகவே பேக்ஸ்பேஸ் ஒரு குறியீட்டை எடுக்கும், கண்ட்ரோல்-டபிள்யூ ஒரு சொல்லை எடுக்கும் என்று மாற்றினேன். ஒரு நுணுக்கம்: சில விசைப்பலகைகள் ‘கொ’வின் குறியை ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் இரண்டாக அனுப்பும். சேமிக்கும் முன் யூனிகோடு சீராக்கம் செய்து ஒன்றாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரே பெயர் தேடலில் அகப்படாது.

இப்போது ‘மட்டக்களப்பு’ தட்டி அழித்தால், புள்ளி போகும்போது ‘ப்’ திரையில் ‘ப’ ஆகிறது. 12 அழுத்தலில் வரி காலி, ‘ஊர்:’ அப்படியே நிற்கிறது. 13ஆவது அழுத்தலுக்கு ஒன்றும் நடப்பதில்லை. பதிவேட்டைத் தேடியதில் இதே வகையில் கெட்டுப்போன ஊர்கள் இன்னும் நாலு அகப்பட்டன. பெரியம்மா தொலைபேசியில் ஒவ்வொருவரையும் அழைத்துக் கதைத்துத் திருத்திவிட்டார்.

வரி திரையின் அகலத்தைத் தாண்டினால் திரும்ப எழுதும் முறை சரிவராது, அதனால் நீளத்தை மட்டுப்படுத்தி வைத்திருக்கிறேன். அம்பு விசைகள் மூன்று பைட்டாக வருகின்றன, இப்போதைக்கு அவற்றை விழுங்கிவிடுகிறேன். வரியின் நடுவில் போய்த் திருத்துவதென்றால், இடது அம்பு ‘கு’வுக்கு முன்னால் நிற்க வேண்டுமா, க-வுக்கும் சுழிக்கும் இடையில் நிற்க வேண்டுமா என்று முதலில் பெரியம்மாவிடம் கேட்க வேண்டும். அவருடைய ரைப்ரைட்டர் இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறதாம். மாரி மழை தொடங்கி வாசிகசாலைக்கு ஆள் வரவு குறைந்ததும் அதை இறக்கி, நாடா போட்டு, அவர் அடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கப்போகிறேன்.